நர்ஸம்மாவின் காரில் ஜீப் எஞ்சின்

தண்டையார்பேட்டையில் ஹார்ஸ்பவர் நைனா கை வைத்த பிறகு பழையபடியே வீடு திரும்பிய பொருள் ஒன்றுகூடக் கிடையாது. இதை எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்ல நான் தயார்.

துறைமுகத்தில் அவர் கிரேன் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருவுக்கே மெக்கானிக். எல்லோரையும் "நைனா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அந்தப் பெயர் கடைசியில் அவருக்கே ஒட்டிக்கொண்டது. கண்ணில் பட்டதையெல்லாம் குதிரைச் சக்தியில் அளந்ததால் முன்னால் ஹார்ஸ்பவரும் சேர்ந்தது. அவர் கணக்கில் நான் கால் ஹார்ஸ்பவர். அவர் மனைவியின் குரல் மட்டும் ஏழு.

எதைக் கொடுத்தாலும் அதற்குள் இருப்பதைக் கழற்றிவிட்டு இரண்டு மடங்கு பெரிதாக ஒன்றைப் பொருத்துவார். எதிர் வீட்டு டேபிள் ஃபேனில் கிரைண்டர் மோட்டாரை மாட்டினார். ஜனவரி மாதம் அவர்கள் அதைப் போட்டார்கள், பொங்கலுக்குள் சுவர் காலண்டரில் டிசம்பர் வந்துவிட்டது. டெய்லரின் தையல் மெஷினுக்கும் அதே வைத்தியம்தான். டெய்லர் பெடலில் இருந்து காலை எடுப்பதற்குள் சட்டையின் இரண்டு கையும் ஒன்றாகத் தைபட்டுவிட்டன. அந்தச் சட்டை என்னுடையது.

எங்கள் பேட்டையில் பிரசவம் பார்க்கும் நர்ஸம்மாவிடம் ஒரு பேபி கார் இருந்தது. ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிய ஒரு டாக்டரம்மா விட்டுவிட்டுப் போனது. நாலு பேர் தள்ளினால் ஓடும், அஞ்சாவது ஆள் ஏறினால் நின்றுவிடும்.

அந்தக் காரை நினைத்தால் எனக்கு வயிறு எரியும். முந்தின வருஷம் என் மனைவியை முதல் பிரசவத்துக்கு எண்ணூரில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். வலி கண்டதும் நர்ஸம்மா உடனே கிளம்பினார். கடற்கரைச் சாலையில் காற்று கொண்டுவந்து கொட்டிய மணலில் கார் ஏறவில்லை. மீதித் தூரத்தை அவர் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டது. குழந்தை தங்கவில்லை.

தெருவே வந்து துக்கம் விசாரித்தது. ஹார்ஸ்பவர் நைனா மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு அது மனசிலேயே இருந்தது.

மறு வருஷம் என் மனைவி மறுபடியும் எண்ணூரில். எட்டு மாதம் முடிந்திருந்தது. ஒரு ஞாயிறு காலை பார்க்கிறேன், நர்ஸம்மாவின் கார் தெருவில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. எஞ்சின் தனியே கோணிமேல் கிடக்கிறது. பக்கத்தில், மிலிட்டரியில் கழித்துவிட்ட ஜீப்பின் எஞ்சின் ஒன்று காரில் பாதி அளவுக்குக் குந்தியிருக்கிறது. எனக்கு ரத்தம் கொதித்தது. இருக்கிற ஒரு காரையும் பிரித்துப் போட்டுவிட்டீர்களே, நாளைக்கே வலி எடுத்தால் என் கதி என்ன என்று கத்தினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நாலு ஞாயிறு வெட்டினார், ஒட்டினார். எஞ்சின் காருக்குள்ளேயே நுழைந்துவிட்டதால் முன்பக்கம் இடது சீட் போயிற்று. பானெட்டை மூட முடியவில்லை, கயிறு போட்டுக் கட்டினார். ராயபுரம் சர்ச்சிலிருந்து சாமியார் வந்து மந்திரித்தார். அவர் தெளித்த தீர்த்தம் எஞ்சின் சூட்டில் புஸ்ஸென்று ஆவியாகிவிட, பாவம், இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டு மீதி ஜெபத்தைச் சொன்னார்.

அன்றைக்கே என் மைத்துனன் எண்ணூரிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து நின்றான். அக்காவுக்கு வலி எடுத்துவிட்டதாம்.

நர்ஸம்மா பையோடு ஸ்டியரிங்கில் உட்கார்ந்து கிளப்பினார். எஞ்சின் உறுமிய உறுமலில் தெருநாய்கள் காலி. ஆனால் முன்பாரம் தாங்காமல் காரின் மூக்கு தரையைப் பார்த்தது. பின்சக்கரம் பட்டும் படாமலும் நின்ற இடத்திலேயே சுற்றியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நைனா பதறவில்லை. பின்கதவைத் திறந்து பிடித்தார்.

"கிரேனுக்குப் பின்னால எட வெப்போம், பாத்துகீறியா? அத்த மாரிதான். நீ ஒரு பக்கம், நா ஒரு பக்கம். குந்து நைனா."

குந்தினேன். அவர் குந்தினார், மூக்கு நிமிர்ந்தது. எங்கள் இரண்டு பேர் எடையையும் அவர் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருந்தார். திருவொற்றியூரைக் கார் தாண்டிய வேகத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன், கோயில் எந்தப் பக்கம் வந்தது என்றே தெரியாது.

மணல் மேடு வந்தது. முந்தின வருஷம் கார் நின்ற அதே இடம். நைனா முன்சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே பேசினார்.

"போன தபா நர்ஸம்மா மின்னாடியே என் கையில சொன்னாங்க நைனா, வண்டி மணல்ல ஏறலன்னு. அடுத்த வாரம் பாக்கலாம்னு வுட்டுட்டேன். அதான் உன் மூஞ்சில முயிக்க முடியாம பூட்ச்சு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கார் ஒரு குலுக்குக் குலுக்கி மேடேறி அந்தப் பக்கம் இறங்கியது.

நாங்கள் போய்ச் சேர்ந்து முக்கால் மணி நேரத்தில் உள்ளேயிருந்து குழந்தையின் அழுகை கேட்டது. பெண். நர்ஸம்மா துணியில் சுற்றிக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். நைனாவைத் தேடினேன். கிணற்றடியில் நின்று, முழங்கை வரை கிரீஸ் போகச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கழுவுவார், முகர்ந்து பார்ப்பார், மறுபடி கழுவுவார்.

குழந்தையை நான் வாங்கவில்லை. அவர் வரட்டும், அவர் கையில்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டு நின்றேன்.