மாமாவுக்கு என்னைத் தெரியாது

காக்கிச் சட்டையைக் கண்டால் ஓடுகிறவனைத் தூதரக வேலைக்கு எடுக்கக் கூடாது. என்னை எடுத்தார்கள். முப்பது வருடம் தேசம் தேசமாகப் போய் ராஜாக்களோடும் மந்திரிகளோடும் கைகுலுக்கினேன். ஆனால் அந்த வேலை விஷயமாக நான் சந்தித்த முதல் அதிகாரியை, பென்னாகரத்துப் பக்கம் எங்கள் வீட்டுப் புளியமரத்தின் மேலிருந்துதான் சந்தித்தேன்.

சுதந்திரம் வந்த மறுவருடம். வேலைக்குத் தேர்வாகியிருந்தேன். சேலத்தில் தைத்த கோட்டு, டை, பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு, கொல்லையில் எருமைக்கு முன்னால் குனிந்து நிமிர்ந்து வணக்கம் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். (எருமை பதில் மரியாதை செய்யவில்லை.) அப்போது சைக்கிளில் வந்து இறங்கினார் ஒரு சப்-இன்ஸ்பெக்டர்.

நாற்பத்திரண்டில், காலேஜில் கொடி ஏற்றிவிட்டு ஊருக்கு ஓடி வந்தவன் நான். ஆறு மாதம் போலீஸ் எத்தனை தடவை வந்து கேட்டாலும், "அப்படி ஒரு ஆளே இல்லீங்க" என்று ஊரே சாதித்தது. இப்போது வந்திருப்பது நம்ம சர்க்கார் போலீஸ், வேலை கொடுக்கும் முன் விசாரிக்க வருவார்கள் என்பதெல்லாம் புத்திக்கு எட்டுவதற்குள் கால்கள் மரத்தில் ஏறிவிட்டன.

அவர் நேராக வந்து அதே மரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்தார். என்னை வளர்த்த தாய்மாமா மோர் கொடுத்தார்.

"மாதையன்ங்கறவரு வூடு இதுதானுங்களா?"

"அப்படி ஆருமில்லீங்க."

"பி.ஏ. படிச்சவருங்க."

"எங்க வம்சத்துக்கே படிப்பு ஏறாதுங்க." (இது பாதி உண்மை.)

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஆளே இல்லைன்னு எழுதிட்டா அந்த வேலை வேற ஆளுக்குப் போயிடும்."

மாமா யோசிக்கவே இல்லை. "எழுதிக்குங்க சாமி!"

எனக்கு உயிரே போய்விட்டது. கத்தலாம் என்றால் டை கிளையில் மாட்டிக் கழுத்தை இறுக்குகிறது. ஒரு பூட்ஸைக் கழற்றி மாமாவைக் குறிபார்த்துப் போட்டேன். அது மோர்ச் சொம்பில் பட்டு, மோர் முழுக்கக் காக்கிச் சட்டையில்.

சப்-இன்ஸ்பெக்டர் மெதுவாக அண்ணாந்தார். "மேல ஆருங்க?"

மாமாவும் அண்ணாந்தார். கோட்டு, டை, ஒற்றைக் கால் பூட்ஸ். மனிதர் கண் இமைக்கவில்லை.

"தெரியலீங்களே. பாத்தா நம்ம ஊரு ஆளு மாதிரி இல்லீங்க."

சப்-இன்ஸ்பெக்டர் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. என்னை இறக்கியபின், என்னைத் தெரிந்தவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று காகிதத்தை நீட்டினார்.

"போட்டா இவனைக் கூட்டிட்டுப் போயிடுவீங்களா?" என்றார் மாமா.

"சீமைக்கு அனுப்புவாங்க. பெரிய உத்தியோகம்."

மாமாவின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் போட்டார்.

அதற்கப்புறம் நான் லீவில் வரும்போதெல்லாம் வாசலை மறித்துக்கொண்டு நிற்பார். "ஆருங்க நீங்க? அப்படி ஒரு ஆளே இந்த வூட்ல இல்லீங்களே!" வீடே சிரிக்கும். இன்றைக்கும் என் பேரன்கள் என்னைக் கதவைத் தட்ட வைத்து இதையே கேட்கிறார்கள்.

ஓய்வுபெற்று டிரங்குப் பெட்டிகளோடு வந்து இறங்கிய அன்றும் மாமா நின்றார், தடியை ஊன்றிக்கொண்டு. ஆனால் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

"திரும்பி எப்பப் போறே?"

"போகலை மாமா. இனிமே இங்கதான்."

பெட்டிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி அத்தைக்குக் குரல் கொடுத்தார்.

"ஒரு ஆளுக்குச் சேத்து உலை வையி. நம்ம மாதையன் வந்திருக்கான்."