சம்பந்தி வீட்டுக்கு மூன்று லேயர்

அவிநாசி,
புரட்டாசி, 1996.

மரியாதைக்குரிய சம்பந்தி பாலகோபால் அவர்களுக்கு, அப்புசாமி பணிவன்புடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் செல்லாத்தாளும் பண்ணையில் இருக்கிற அத்தனை கோழிகளும் நலமாக இருக்கிறோம். இரண்டு நாளாக நல்ல மழை. அங்கே பீளமேட்டில் நீங்களும் சம்பந்தியம்மா மாசாணியம்மாள் அவர்களும் மாப்பிள்ளை கிருபாசங்கரும் நலமாக இருக்க அவிநாசியப்பர் துணையிருப்பார். என் மகள் சாந்தாமணி நலமா என்று நான் கேட்கவில்லை. அவள் எப்படி இருக்கிறாள் என்பதுதான் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறதே.

உங்கள் கடிதத்தை நேற்று தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார். அந்தச் சனிக்கிழமையிலிருந்து சம்பந்தியம்மா மருமகளிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை, உப்பு வேண்டுமென்றால்கூட உங்களிடம் சொல்லி, நீங்கள் சாந்தாமணியிடம் சொல்லி வாங்கித்தர வேண்டியிருக்கிறது, நான் மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதிப் போட்டால் அதைக் காட்டி வீட்டைச் சரிசெய்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு வரி என்ன சம்பந்தி, நாலு பக்கம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நீங்கள் கேட்ட அந்தச் சொல்லை மட்டும் இதில் தேட வேண்டாம். செய்யாத தப்புக்கு நான் எதற்குத் தலைகுனிய வேண்டும்? நடந்தது என்ன என்று வரிசையாகச் சொல்கிறேன், பிறகு யார் யாருக்கு எழுத வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எல்லாம் லேயர் என்ற சொல்லில் ஆரம்பித்தது. நாங்கள் கோழிக்காரர்கள். கறிக்கு வளர்த்தால் பிராய்லர், முட்டைக்கு வளர்த்தால் லேயர். பல்லடத்திலிருந்து நாமக்கல் வரைக்கும் எந்தப் பொடிசைக் கேட்டாலும் சொல்லும். பீளமேட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருந்தால் அது பீளமேட்டின் குற்றம். வியாழக்கிழமை மத்தியானம் தீவனம் போடுகிற நேரமாகப் பார்த்து சாந்தாமணி போன் செய்தாள். பண்ணை போன் கொட்டகைச் சுவரில் மாட்டியிருக்கிறது. தீவன நேரத்தில் அங்கே நின்றால் நாம் பேசுவது நமக்கே கேட்காது. காதில் ஒரு விரலை விட்டுக்கொண்டு கேட்டேன்.

“அப்பா, சனிக்கெழமை அத்தையோட லேடீஸ் கிளப்புக்காரங்க எல்லாரும் நம்மூட்டுக்கு வாராங்க. மூணு லேயரு வேணும்ப்பா.”

“லேயருக்கென்ன கண்ணு, நம்முளுதே இருக்குது. வெள்ளையா, செவலையா?”

“மேல வெள்ளை. நடுவுல செவப்பு. அடியில பழுப்பு. ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியோணும். ஒண்ணோட ஒண்ணு கலந்துபோட்டா அத்தை கோவிச்சுக்குவாங்க. நீங்க எருமைப்பால் ஏடு...”

அதற்கு மேல் கோழிச் சத்தம். கடைசியில் “கொண்டாந்துருங்கப்பா” என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. கொண்டுவராமல் இருப்பேனா?

அவள் சொன்னது ஒரு தின்பண்டம் என்பது இப்போது எனக்கும் தெரியும். கண்ணாடிக் கிண்ணத்தில் அடியில் கேக்கு, நடுவில் ஸ்ட்ராபெரி, மேலே கிரீம் என்று அடுக்கடுக்காக வைப்பது, அந்த அடுக்குக்கு இங்கிலீஷில் லேயர் என்று பெயர், கிரீமுக்காக எருமைப்பால் ஏடு கேட்டிருக்கிறாள். ஆனால் நீங்களே நியாயம் சொல்லுங்கள். வெள்ளை, சிவப்பு, பழுப்பு என்று நிறம் சொல்லி ஒருத்தி லேயர் கேட்டால் கோழிப்பண்ணைக்காரன் எதை நினைப்பான்? டவுனில் இருப்பவர்கள் நாய் வளர்க்கிறார்கள், கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கிறார்கள், சம்பந்தியம்மா மாடியில் நாலு கோழி வளர்த்துக் கிளப்புக்காரர்களுக்குக் காட்ட ஆசைப்படுகிறார்கள் போலிருக்கிறது, நல்ல விஷயம்தானே என்று நானும் செல்லாத்தாளும் பேசிச் சந்தோஷப்பட்டோம். வெல்டிங் பட்டறையில் சொல்லி அடுக்குக் கூண்டு ஒன்று செய்தேன். அடியில் பழுப்பு, நடுவில் செவலை, மேலே வெள்ளை. ஒண்ணோடு ஒண்ணு கலக்காது, தனித்தனியாகத் தெரியும். சொன்னபடி அச்சாகச் செய்தவன் நான். செல்லாத்தாள் புதுத்துண்டு ஒன்றை இஸ்திரி போட்டுக் கூண்டின்மேல் போர்த்திவிட்டாள். தூக்குப்போசியில் எருமைப்பால் ஏடும், மாப்பிள்ளைக்குப் பிடிக்குமே என்று ஊட்டி வர்க்கி ஒரு பொட்டலமும், மகளுக்கென்று ஒரு பை மல்பெரிப் பழமும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பக்கத்துத் தோட்டத்தில் பட்டுப்புழுவுக்கு வைத்த மல்பெரி. இலை புழுவுக்கு, பழம் என் மகளுக்கு. சின்னதிலிருந்தே அப்படித்தான்.

உங்கள் வீட்டுக் கூடம் நிறையப் பட்டுப்புடவைகள். சம்பந்தியம்மா நடுநாயகமாக நின்று, “எங்க மருமக இன்னைக்கு மூணு லேயர்ல ஒண்ணு செஞ்சு தரப்போறா, பாருங்க,” என்று சொல்லி வாய் மூடவில்லை, நான் உள்ளே நுழைந்துவிட்டேன். “சம்பந்தியம்மா, லேயர் வந்துருச்சுங்க” என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். துண்டை எடுத்ததும்தான் கைதட்டல் நின்றது.

நின்ற பிறகாவது அப்படியே கூண்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருப்பேன். “ஏனுங்க சம்பந்தி, இதுல எது நல்லா முட்டை போடும்?” என்று கேட்டுக்கொண்டு கொக்கிகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் திறந்து பார்த்தது யாருங்க? நானா? உங்கள் கடிதத்தில் அந்த ஒரு வரியை மட்டும் காணோம். வெள்ளை நேராகச் சாப்பாட்டு மேசைக்குப் பறந்தது. சீசன் இல்லாத காலத்தில் குன்னூரிலிருந்து சொல்லிவைத்து வரவழைத்த ஒரே பெட்டி ஸ்ட்ராபெரி அங்கேதான் இருந்தது. கோழிக்குச் சிவப்பைக் கண்டால் கொத்தாமல் இருக்கத் தெரியாது, அதன் பிறவி அப்படி. செவலை, கிரீம் அடிக்க எடுத்து வைத்திருந்த மிஷினில் கால் வைத்துக் காலிப் பாத்திரத்தோடு கீழே வந்தது. கேக்கின்மேல் இரண்டும் நடந்தன. பழுப்பு மட்டும் மரியாதையாக மாடிப்படி ஏறிப் போனது, மாப்பிள்ளை பின்னாலேயே ஓடினார். கண்ணாடிக் கிண்ணம் உடையவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் சொல்லமாட்டீர்கள்.

புரட்டாசிச் சனிக்கிழமையும் அதுவுமாக வீட்டுக்குள் கோழியைக் கொண்டுவந்துவிட்டேன் என்று சம்பந்தியம்மா எல்லோர் முன்னாலும் சொன்னார்கள். அதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன், செல்லாத்தாள் முகத்துக்காக விட்டேன். இப்போது சொல்கிறேன். அந்தக் கேக்கு எதில் செய்தது? முட்டை போடாத கேக்கு எந்தப் பேக்கரியில் இருக்கிறது? முட்டை போட்ட கேக்கு பெருமாளுக்கு விரோதமில்லை, முட்டை போடுகிற கோழி மட்டும் விரோதமா? என் கோழி சும்மா நடந்துதான் போயிற்று, யாரும் அதைச் சாப்பிடச் சொல்லவில்லை.

சரி, கேளுங்கள். கோழிகளைப் பிடித்துக் கூண்டில் போட்டு, ஓர் இறகு விடாமல் பொறுக்கிவிட்டு சமையல்கட்டுக்குப் போனால் சாந்தாமணி அடுப்புத் திட்டில் சாய்ந்து நின்று அழுதுகொண்டிருந்தாள். “போச்சுப்பா. அத்தை மொதமொதல்ல என்னைய நம்பி ஒரு காரியம் சொன்னாங்க, அதும் போச்சு,” என்றாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண், சம்பந்தி. “அழுவாத அம்மணி, பெர்ரின்னா பழந்தானே, நம்ம மல்பெரியும் பெர்ரிதான். கிண்ணத்தை எடு,” என்றேன். கேக்குக்குப் பதில் வர்க்கியை நொறுக்கி, பாலில் நாட்டுச்சர்க்கரை கரைத்துத் தெளித்து அடியில் பரப்பினாள். மல்பெரியில் பாதியை நாட்டுச்சர்க்கரையோடு அடுப்பில் வைத்துக் கிளறி, சாறு கெட்டியானதும் இறக்கி ஆற வைத்து, மீதியை முழுசாக அதில் போட்டுக் கலந்து இரண்டாவதாக ஊற்றினாள். எருமைப்பால் ஏட்டை நான் மத்தை எடுத்துக் கடைந்தேன். “போதும்ப்பா, இன்னுஞ் சித்த கடைஞ்சா வெண்ணெயாயிரும்,” என்று அவள்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். மேலே அதைப் போட்டு வழித்துவிட்டாள். வெளியிலிருந்து பார்த்தால் பழுப்பு, கருநீலம், வெள்ளை. கோடு கிழித்தமாதிரி தனித்தனியாகத் தெரிந்தது. அதில் முட்டையும் கிடையாது, பெருமாளே வந்து சாப்பிடலாம்.

கிளப்புக்காரர்கள் சாப்பிட்டார்களா இல்லையா? தலைவியம்மா இரண்டாம் தடவை கிண்ணத்தை நீட்டினார்களா இல்லையா? எல்லோர் நாக்கும் நீலமாகி ஒருத்தர் நாக்கை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்களே, அந்தச் சிரிப்பு என் காதிலேயே இருக்கிறது. சாந்தாமணியும் வாசற்படியில் நின்று சிரித்தாள். அதோடு முடிந்திருக்க வேண்டியது. அப்போதுதான் ஒரு அம்மா, “உங்க சம்பந்தி கோழிப்பண்ணைங்களா மாசாணி? அக்ரோ இண்டஸ்ட்ரீஸ்ன்னு சொன்னீங்களே,” என்று கேட்டார்கள்.

சம்பந்தி, உண்மையான விஷயம் இதுதான். ஸ்ட்ராபெரியும் இல்லை, சனிக்கிழமையும் இல்லை. என்னைக் கோழிக்காரன் என்று சொல்ல உங்கள் வீட்டில் வெட்கப்பட்டிருக்கிறார்கள். எனக்கு அது வலித்தது, இன்னும் வலிக்கிறது. கோழி விற்ற காசில்தான் என் மகளை பி.எஸ்ஸி. படிக்க வைத்தேன், கோழி விற்ற காசில்தான் கல்யாணம் செய்தேன், உங்கள் கிளப்பையே கூட்டிவைத்து விருந்தும் போடுவேன். சம்பந்தியம்மாவும் வானத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் அல்ல. ஆனைமலையில் அவர்கள் பிறந்த வீட்டுக் களத்தில் கோழி மேயாத நாள் உண்டா? சின்ன வயதில் மாசாணி கோழிக்குஞ்சைப் பாவாடையில் முடிந்துகொண்டு பள்ளிக்கூடம் போவாள் என்று அவர்கள் அண்ணனே கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். மறந்துபோனவர்களுக்கு நான் ஞாபகப்படுத்தினேன், அவ்வளவுதான்.

ஆகவே முடிவாக எழுதுகிறேன். என் கோழிகள் மூன்றும் என்னோடு வந்துவிட்டன, உங்கள் வீட்டில் என் பொருள் எதுவும் இல்லை. என் மகளைத் தவிர. பேச்சே இல்லாத வீட்டில் அவள் உப்புக்கும் புளிக்கும் ஆள் வைத்துப் பேசிக்கொண்டு இருக்க வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் சம்பந்தியம்மா தன் வாயால் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லையென்றால், ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்து நான் அவளைக் கூட்டிவந்துவிடுவேன். மாப்பிள்ளைக்கு மனசிருந்தால் அவரும் ஏறிக்கொள்ளட்டும், இடம் இருக்கிறது. இதில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றமாட்டேன்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கும் சாந்தாமணிக்கும் எங்கள் இருவர் ஆசீர்வாதம். மழைக்காலம், நீங்கள் வெந்நீர் குடித்து உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
கோழிப்பண்ணை அப்புசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சாந்தாமணி போன் செய்தாள். இந்தத் தடவை மோட்டார், மின்விசிறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

“அப்பா, அத்தை பேசிட்டாங்க.”

“என்ன பேசுனாங்க கண்ணு?”

“‘ஏங்கண்ணு, அதுக்குத் தண்ணி வெச்சியா’ன்னு கேட்டாங்க.”

“எதுக்கு?”

“நம்ம லேயருக்குப்பா.”

பழுப்பைப் பிடித்து அடியில் போட்டாயிற்று என்று மாப்பிள்ளை அன்றைக்குச் சொன்னது பொய். பிடிக்க முடியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடி அடுக்கு காலியாக இருந்த கூண்டின்மேல் துண்டைப் போர்த்தி அனுப்பிவிட்டார். நானும் குனிந்து பார்க்கவில்லை, இங்கே வந்ததும் கூண்டை இறக்கிக் கோழிகளைக் கொட்டகையில் விட்டது பண்ணை ஆள். அது உங்கள் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறதாம். சம்பந்தியம்மா விடிந்ததும் துணி காயப்போடுகிற சாக்கில் போய் அதற்கு அரிசி போட்டுவிட்டு வருகிறார்களாம். முட்டைகளை, புரட்டாசி முடியட்டும் என்று பழைய பக்கெட்டில் தவிடு போட்டு அடுக்கி வைத்திருக்கிறார்களாம். நேற்று மழையில் கோழி நனைந்துவிடுமோ என்று தனியாகச் சமாளிக்க முடியாமல் மருமகளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாமியாரும் மருமகளும் ஒரே குடையில் நின்று அதற்குச் சாக்கு கட்டினார்களாம். உங்களுக்கு மட்டும் தெரியக்கூடாது என்று பேச்சு, அதனால் உங்களுக்கு எதுவும் தெரியாததுபோலவே இருங்கள்.

மேலே எழுதியிருப்பதை எல்லாம் கிழித்துப் போட்டுவிடுங்கள். சம்பந்தியம்மா கண்ணில் பட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஜீப் வரும், ஆனால் யாரையும் கூட்டிப்போக அல்ல. முட்டைக் கோழிக்கு வெறும் அரிசி போடக்கூடாது, ஓடு மெலிசாகிவிடும். லேயர் தீவனம் ஒரு மூட்டை கொண்டுவருகிறேன். சம்பந்தியம்மாவிடம் காட்ட உங்களுக்கு நாலு வரி வேண்டும் என்றால் இதை மட்டும் கத்தரித்துக் காட்டுங்கள்: நான் செய்தது தப்புத்தான், சம்பந்தியம்மா பெரிய மனசு செய்து மன்னிக்க வேண்டும், அந்த லேயர் மட்டும் அங்கேயே இருக்கட்டும்.