தாய்மாமன் (பொறுப்பு)

காலை பத்து மணி பதினேழு நிமிடம். உலக மருத்துவம் இதுவரை துணியாத ஒன்றை மதுரையில் எங்கள் ஆராய்ச்சி மையம் அந்த நிமிடத்தில் செய்தது. ஊசிக்கு ஒரு தாய்மாமனை நியமித்தது.

ரத்தசோகை பற்றிய எங்கள் ஆய்வுக்கு நாற்பது குழந்தைகளின் ரத்தம் வேண்டும். முப்பத்தொன்பது பேர் 'அனுபவ மேம்பாடு' தொடங்கும் முன்பே கொடுத்துவிட்டார்கள். பாவம், எந்த அனுபவமும் இல்லாமல். நாற்பதாவது சுஃபியா. வயது ஒன்பது. அவளுக்காகத்தான் மேம்பாட்டுக் குழு அமைத்தோம். நான் செயலாளர்.

முதல் முறை அவள் வந்தபோது சுவரில் யானை வரைந்து திறப்பு விழா நடத்தினோம். இரண்டாம் முறை கருத்துப் பலகை. அதில் மூன்று முகங்கள்: மகிழ்ச்சி, மிக்க மகிழ்ச்சி, பெருமகிழ்ச்சி. மூன்றாம் முறை, பதினான்கு பக்க ஒப்புதல் படிவத்தைப் பெரிய எழுத்தில், படங்களுடன் வெளியிட்டோம். குழுவில் யாரும் படிக்காததால் அதில் பிழை எதுவும் கண்டறியப்படவில்லை. மூன்று விழாவிலும் விருந்தினர் அறுபது பேருக்கு ஜில்லென்று ரோஸ்மில்க்.

மூன்று முறையும் 'தொழில்நுட்பக் காரணங்களால்' சுஃபியாவின் ரத்தம் கெட்டுப்போனது. நான்காவது முறை வரமாட்டேன் என்றாள். அவள் விலகினால் ஆய்வே செல்லாது. குழு அவசரமாகக் கூடியது.

"காது குத்துறப்ப பிள்ள எங்க உக்காரும்?" என்றார் இயக்குநர் ஜெயபாண்டி.

"தாய்மாமன் மடியில சார்."

"அழுகுமா?"

"அழுகத்தான் செய்யும்."

"ஓடுமா?"

"எங்குட்டு ஓட? மாமன் பிடிச்சிருப்பாருல்ல."

ஆதாரம் சார்ந்த அறிவியல் என்பது இதுதான்.

உதவியாளர் பேச்சிமுத்து தேர்வானார். மூன்று நாள் பயிற்சி. மடி அளக்கப்பட்டது. சட்டையில் அட்டை குத்தினோம்: 'தாய்மாமன் (பொறுப்பு)'. நான்காவது விழாவுக்கு வாசலில் இருபதடி பிளக்ஸ். அதில் ஊசியைவிடப் பெரியதாக இயக்குநர் சிரித்தார்.

சுஃபியாவை அவள் அம்மா சாதிகா எப்படியோ கூட்டிவந்துவிட்டார். கூடவே ஒரு ஆள்.

"சார், இது எங்கண்ணன் ஷாகிர். இவரு மடியில உக்காந்தா குடுப்பேங்கிறா."

"பயிற்சி பெற்றவரா?" என்றேன்.

"இவ பொறந்ததுலருந்தே மாமாதான சார்."

"சான்றிதழ்?"

ஷாகிர் தன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். அவரை வெளியே பெஞ்சில் அமர்த்தினோம். கனிவாகத்தான்.

சுஃபியா பேச்சிமுத்துவின் மடியில் உட்கார்ந்தாள். கையில் அந்தப் பதினான்கு பக்கப் படிவம். ஓரம் மடித்து, பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

"பயப்படாத தாயி," என்றார் பேச்சிமுத்து. "எனக்குத்தான் ஊசின்னா கிறுகிறுன்னு வரும்."

"அப்ப நீங்க கண்ண மூடிக்கங்க மாமா."

மூடிக்கொண்டார். விருந்தினர் கைதட்டினார்கள். நான் பலகையில் 'பெருமகிழ்ச்சி'யைக் குறித்தேன், குழந்தைக்குச் சிரமம் வேண்டாமென்று.

செவிலியர் ஊசியை எடுத்தார். சுஃபியா கையை இழுத்துக்கொண்டாள்.

"மொதல்ல எனக்கு ஒரு ரோஸ்மில்க்."

அறையே உருகிவிட்டது. மூன்று விழாவிலும் அவளுக்குக் கொடுக்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. "பங்கேற்பாளர் விருப்பம்! குறிச்சுக்கங்க!" என்று இயக்குநரே எழுந்து போய், 'ஆய்வு மாதிரிகள் மட்டும்' என்று ஒட்டியிருந்த குளிர்பெட்டியை அகலத் திறந்தார். மேல்தட்டு முதல் கீழ்த்தட்டு வரை ரோஸ் நிறத்தில் அறுபது பாட்டில்கள். ஊசி வைக்க இடமில்லை.

சுஃபியா பெட்டியைப் பார்த்தாள். படிவத்தைப் புரட்டினாள். கண்ணை மூடியிருந்த பேச்சிமுத்துவின் அட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, ஒம்பதாம் பக்கத்துல 'உன் ரத்தத்தை இந்தப் பெட்டியில் பத்திரமாக வைப்போம்'னு போட்டுருக்கு. மூணு தடவ எடுத்தீங்களே, அம்புட்டையும் எங்க வச்சீங்க?"