சீருக்கு ஒரு கம்ப்யூட்டர்

"அந்த நெருப்பு கக்கற பாம்புப் படம் போட்ட பொட்டியே குடு கண்ணு. அதான் பெருசா கீது" என்றார் பெருமாள்.

விற்பனைக்கு நின்ற சுபாஷ்ரீ பெட்டியின் மேல் கை வைத்தாள். உண்மையைச் சொல்வதென்றால் இப்போதே சொல்ல வேண்டும். ஆனால் பேச வேண்டிய நேரம் வந்தால் அவள் குரல் மேலே வராது. பி.எஸ்சி. இயற்பியலில் செய்முறைத் தேர்வுக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் அவள். வாய்மொழித் தேர்வில் தன் பெயரையும் பதிவு எண்ணையும் மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தவளும் அவளேதான்.

"ஐயா, அது கேமிங் கம்ப்யூட்டருங்க. விளையாடறதுக்கு."

"வெளையாடட்டுமே. மாப்ளைக்கும் சின்ன வயசுதான்."

"அதுக்கில்லீங்க. அதுக்குள்ள மெமரி இல்ல. ஹார்ட் டிஸ்க்கும் இல்ல."

"அப்டின்னா?"

"மெமரி இல்லன்னா அதால எதையும் யோசிக்க முடியாது. டிஸ்க் இல்லன்னா எதையும் உள்ள வெச்சிக்க முடியாது."

"எம் மச்சான் மாதிரின்னு சொல்லு" என்று பெருமாள் சிரித்தார். "அவனுக்கே பொண்ணு குடுத்துட்டாங்க. இதுக்கு இன்னா?"

கல்லாவிலிருந்து முதலாளி நமச்சிவாயம் தலையை நீட்டினார். காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவைக் கடை வைத்திருந்தவர். இனிமேல் கம்ப்யூட்டர்தான் ஓடும் என்று யாரோ சொல்லக் கேட்டு, போன வருடம், 2004இல், உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே இந்தக் கடையைத் திறந்திருந்தார். மெமரியும் டிஸ்க்கும் இல்லாத பன்னிரண்டு கேமிங் கம்ப்யூட்டர்களைச் சென்னையில் மலிவாகப் பிடித்து வந்ததும் அவர்தான்.

"சுபா, வந்தவங்களைக் குழப்பாத" என்றார். பிறகு பெருமாளிடம் குரலை இளக்கினார். "நீங்களே சொல்லுங்க. பட்டுப் புடவை எடுக்கறீங்க. ஜாக்கெட்டைக் கடைக்காரனா தைச்சிக் குடுக்கறான்? அவங்கவங்க அளவுக்கு அவங்கவங்கதான் தைச்சிக்கணும். அதே மாதிரிதான் மெமரியும்."

"ஞாயந்தானே" என்றார் பெருமாள்.

சுபாஷ்ரீக்கே ஒரு நிமிடம் நியாயமாகத்தான் பட்டது. பிறகு தலையை உதறிக்கொண்டாள்.

"ஐயா, உள்ள காலிங்க" என்றாள், வந்த குரலை எல்லாம் திரட்டி.

பெருமாளின் முகம் மாறியது. "காலியா?"

"ஆமாங்க." அப்பாடா, புரிந்துவிட்டது.

"காலியா சீர் குடுக்கக் கூடாதேம்மா. ஒரு சொம்பு குடுத்தாலே கைப்பிடி அரிசி போட்டுத்தானே குடுப்போம். நல்லவேள, சொன்ன."

அவர் பக்கத்து மளிகைக் கடைக்குப் போனார். ஒரு பிடி பச்சரிசி, ஐந்து மஞ்சள் கிழங்கு, கொஞ்சம் கல்கண்டு வாங்கி வந்தார். அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் கைபிடித்துத் தூக்க ஓட்டை இருக்குமே, அதன் வழியாக எல்லாவற்றையும் உள்ளே தள்ளி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். அரிசி உள்ளே சலசலவென்று இறங்கும் சத்தம் சுபாஷ்ரீயின் முதுகுத்தண்டில் கேட்டது.

வாயால் முடியாததைக் கையாலாவது செய்வோம் என்று ஒரு தாளை எடுத்தாள். 'மெமரி இல்லை. டிஸ்க் இல்லை. வாங்கிப் பொருத்திய பிறகே இயக்கவும்' என்று கொட்டை எழுத்தில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டினாள்.

பெருமாள் எழுத்துக் கூட்டிப் படித்தார். "இன்னா கண்ணு நீ? நாளைக்கு முகூர்த்தம். சீர்ப் பொட்டி மேல 'இல்ல, இல்ல'ன்னு எழுதுவியா?"

தாள் கிழிந்தது. கிழிந்த இடத்தில் மஞ்சளைக் குழைத்துப் பூசி, நடுவில் குங்குமம் வைத்தார். பெட்டி ஷேர் ஆட்டோவில் ஏறி, பெருமாளின் ஊரான பெருநகர்ப் பக்கம் போயே போய்விட்டது.

ஆட்டோ கண்ணுக்கு மறைந்ததும் நமச்சிவாயம் சொன்னார்: "இந்தக் கடையில ஒரு பொட்டி வித்து ரெண்டு மாசம் ஆச்சு. அது மட்டும் திரும்பி வந்துதுன்னா, அது பின்னாடியே நீ வீட்டுக்குக் கிளம்பிடலாம்."

எட்டு மாதம் அலைந்து கிடைத்த வேலை. பி.எட். சேரப் பணம் சேர்க்கிறேன் என்று அப்பாவிடம் மன்றாடி வந்த வேலை.

அன்றிலிருந்து பஸ் நிலையத்தில் யார் அட்டைப் பெட்டியோடு இறங்கினாலும் சுபாஷ்ரீ வாசலுக்கு ஓடி எட்டிப் பார்த்தாள். கோழிக்குஞ்சுப் பெட்டி, ஊதுபத்திப் பெட்டி, சாத்துக்குடிப் பெட்டி எல்லாம் வந்தன. நெருப்பு கக்கும் பாம்பு மட்டும் வரவில்லை.

ஒரு வாரம் ஆயிற்று. பத்து நாள் ஆயிற்று. அவளுக்கு இதுதான் புரியவில்லை. போட்டால் ஓடாத கம்ப்யூட்டர். மாப்பிள்ளை ஒரு தடவையாவது சுவிட்சைப் போட்டிருப்பான். உள்ளே அரிசி வேறு. யாருமே ஏன் கேட்கவில்லை?

பதினோராம் நாள் ஒரு பதில் தோன்றியது. தோன்றியதும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். பெட்டியைத் திருப்பி அனுப்பாதவர்கள் பெண்ணைத் திருப்பி அனுப்பியிருந்தால்?

இரண்டு மாதச் சம்பளத்தை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் போனாள். ஒரு மெமரி, ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கினாள். கடைக் கம்ப்யூட்டரில் டிஸ்க்கை மாட்டி, ஓடத் தேவையானதை எல்லாம் ஏற்றினாள். வேலையைக் காப்பாற்ற, அந்த வேலை இதுவரை தந்த காசு முழுவதும் போயிற்று. கணக்குப் போட்டுப் பார்த்தாள். விடை சரியாக வரவில்லை. மேற்கொண்டு போடாமல் விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பெருநகர் போனபோது, பெருமாள் வரப்பில் நின்று பயிருக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார். அவள் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். இந்தத் தடவை அவர் கேட்டார்.

"அப்ப அது ஓடவே ஓடாதா?"

"ஓடாதுங்க."

"அத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா கண்ணு?"

சுபாஷ்ரீ கைப்பையைத் திறந்து, வாங்கி வந்த மெமரியை எடுத்துக் காட்டினாள்.

பெருமாள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "கலா போன்ல ஒண்ணும் சொல்லலியே. சொல்லாம உள்ளுக்குள்ள அழுவுதோ இன்னாவோ. சம்மந்தி வூட்டுல கம்ப்யூட்டர் ஒண்ணுதான் வாய் தெறந்து கேட்டாங்க. ஓட்டப் பொட்டி குடுத்தோம்னு தெரிஞ்சா காலத்துக்கும் கொழந்தய குத்திக் காட்டுவாங்களே!"

"நானே போய் மாட்டிட்டு வந்துடறேங்க."

"கடைக்காரின்னு போனா விஷயம் வெளிய வந்துடும். நீ எம் பொண்ணு கூடப் படிச்சவன்னு சொல்லு."

"கலா என்ன படிச்சிருக்காங்க?"

"டென்த்து. பெயிலு."

"நான் பி.எஸ்சி.ங்க."

"நீயும் பெயிலுன்னு சொல்லேன். ஒரு நாளைக்குத்தானே?"

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, காஞ்சிபுரம் போய், வாலாஜாபாத்தில் மாறி, கலா வாழ்க்கைப்பட்ட தென்னேரியில் இறங்கும்போது மணி பன்னிரண்டு. கைப்பையில் மெமரி, டிஸ்க், ஸ்க்ரூடிரைவர், பிளேடு, பெயிண்ட் பிரஷ். கதவைத் திறந்தவள் கலாவின் மாமியார் மங்கம்மா.

"நீ ஆரு?"

"கலாவோட படிச்சவங்க. டென்த்து." மூச்சை இழுத்தாள். "பெயிலு."

வாழ்க்கையில் அவள் தெளிவாக, உரக்கச் சொன்ன முதல் வாக்கியம் பொய்யாக இருந்தது.

"அதுக்கு இன்னாமா வெக்கம்? உள்ள வா" என்றாள் மங்கம்மா. கூடத்து நாற்காலியில் மாமனார் இருசப்பன் பல் குத்திக்கொண்டிருந்தார். அவளை ஒரு தடவை பார்த்தார், கைப்பையை ஒரு தடவை பார்த்தார், மறுபடி பல் குத்தத் தொடங்கினார். மாப்பிள்ளை மணிகண்டன் கம்பெனி வேலைக்குப் போயிருந்தான். அவன் தங்கை தையல் வகுப்புக்குப் போயிருந்தாள்.

உள்ளறையில் கலாவிடம் விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் கதவைச் சாத்தினாள்.

"ஐயோ அக்கா! ஓடாதா?"

"இவங்க யாரும் போட்டுப் பாக்கலியா?"

"அத ஆரும் தொடறதே இல்லக்கா. வந்த அன்னிக்கு பீரோ மேல ஏத்துனாங்க. மாமனாருதான் டெய்லி ஒரு தபா வந்து நின்னு பாத்துட்டுப் போறாரு."

"பாத்துட்டு என்ன சொல்வார்?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாரு. தூசி தொடைச்சிட்டுப் போவாரு."

சந்தேகம் வந்துவிட்டது என்று சுபாஷ்ரீ முடிவு செய்தாள்.

பீரோ மேல் உரச்சாக்கு பாலிதீன் போர்த்தி, நான்கு பக்கமும் கயிறு கட்டி இருந்தது பெட்டி. இருவரும் கட்டிலில் ஏறி இறக்கினார்கள். பிளேடால் டேப்பை இழுத்தபோது சர்ரென்று சத்தம் கேட்டது. அதை மறைக்கக் கலா இருமினாள். நான்கு பக்கமும் டேப். ஒவ்வொரு பக்கத்துக்கும் இருமல்.

"இன்னாடி இருமல்?" என்று கூடத்திலிருந்து மங்கம்மா. "கஷாயம் போடட்டா?"

"வாணாம் அத்த!"

"வாணாம்னாலும் இருமற. இரு, வரேன்."

கலா கதவிடுக்கு வழியாகவே டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். மிளகுக் காரம் ஏறி, இப்போது நிஜமாகவே இருமத் தொடங்கினாள். அது நிற்கவில்லை. இன்னொரு டம்ளர் போட மங்கம்மா அடுப்படிக்குப் போனாள்.

காற்றுக்காகப் பக்கவாட்டில் பெரிய ஓட்டை விட்டிருந்த கம்ப்யூட்டர் மூடியை சுபாஷ்ரீ கழற்றினாள். அரிசி தரையெல்லாம் கொட்டியது. மஞ்சள் கிழங்கு ஒன்று விசிறிக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. கல்கண்டை எறும்புகள் வரிசை வைத்துத் தூக்கிப் போய்க்கொண்டிருந்தன. பிரஷ்ஷால் தட்டி, ஊதி, மெமரியைச் செருகி, டிஸ்க்கைத் திருகிக் கம்பியை மாட்டினாள்.

பிளக்கைச் சொருகி பட்டனை அழுத்தினாள்.

நீல விளக்கு எரிந்தது. ஒரே ஒரு 'பீப்'. மெமரி இல்லாவிட்டால் விடாமல் கத்தும். ஒரு பீப் என்றால் எல்லாம் சரி. சுபாஷ்ரீக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இத்தனை நாளாக அவளைத் தூங்க விடாத பெட்டி உயிரோடு இருக்கிறது. கலா தப்பித்தாள். வேலை தப்பித்தது.

எங்கோ ஒளிந்திருந்த அரிசி அப்போதுதான் விசிறியில் விழுந்தது. படபடபடவென்று சோளப்பொரி பொரிவதுபோல் அறை முழுக்கத் தெறித்தது. ஒரு மஞ்சள் துண்டு கதவில் போய் டொக்கென்று மோதியது.

கதவு திறந்தது. கையில் இரண்டாவது கஷாயத்தோடு மங்கம்மா. அவள் பின்னால் இருசப்பன்.

கிழிந்த அட்டை, உடைந்த தெர்மாகோல், தலையில் அரிசியோடு இரண்டு பெண்கள். டம்ளர் கீழே விழுந்தது.

சுபாஷ்ரீ எழுந்து நின்றாள். குரல் வந்தது. நிற்காமல் வந்தது.

"அம்மா, நான் கலாவோட படிச்சவ இல்லீங்க. கம்ப்யூட்டர் வித்த கடையிலேர்ந்து வரேன். உள்ள ஒண்ணும் இல்லாம குடுத்தது நாங்கதான். இவங்க அப்பா மேல தப்பே இல்ல. ஐயா, நீங்க டெய்லி வந்து பாத்தும் ஒரு வார்த்தை கேக்காம இருந்தது உங்க பெரிய மனசு. இப்ப எல்லாம் போட்டுட்டேன், என் சொந்தக் காசுல. எத்தனை வருஷம் வேணும்னாலும் ஓடும். கடைக்கு மட்டும் திருப்பி அனுப்பிடாதீங்க, என் வேலை போயிடும்."

மங்கம்மா கம்ப்யூட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து, அறுந்த டேப்பை எடுத்து அட்டையின் மேல் வைத்து அழுத்திப் பார்த்தாள். அது ஒட்டவில்லை. மறுபடி அழுத்தினாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"நல்லா ஓடுதுங்க" என்றாள் சுபாஷ்ரீ, ஒன்றும் புரியாமல். "நீங்களே பாருங்க."

இருசப்பன் வாயிலிருந்த குச்சியை எடுத்தார்.

"ஓடுனா இன்னா, ஓடாட்டி இன்னாமா? பிரிக்காத கம்ப்யூட்டர் பொட்டி ஒண்ணு சீரா தரேன்னு சொல்லித்தானே ஆவணில எம் பொண்ணுக்கு நாள் குறிச்சிக்கினு வந்தேன்!"