நுரை ராவுத்தரும் துரையின் முள்ளும்

ராஜபாளையத்தில் நுரை ராவுத்தருக்குத் தெரியாமல் எந்தக் காற்றும் எந்த ஓட்டை வழியாகவும் தப்பியது கிடையாது. எங்கள் பருத்தி அரவை மில்லில் குழாய், வால்வு மாட்டும் பிட்டர் அவர். கையில் பூந்திக்கொட்டை நுரைச் சட்டி, அதைத் தடவக் காதில் செருகிய ஒரு கோழி இறகு. காற்று கசிகிற இடத்தில் நுரை குமிழியிடும். மகள் கல்யாணத்தில் பிரியாணித் தேக்சா மூடியைச் சுற்றி நுரை தடவி, "ஆவி போகுதுவே!" என்று சமையல்காரரை விரட்டினார். அன்று சாப்பிட்டவர்களுக்கெல்லாம் ஏப்பமே நுரைத்துக்கொண்டுதான் வந்தது.

மில்லில் இரண்டு பாய்லர். ஒன்று ஓடும்போது மற்றதற்குள் இறங்கி, சுவரில் படிந்த உப்புக்காரையைச் சுரண்டுவது என் வேலை. ஓடுகிற பாய்லரின் நீராவி என் பக்கம் வராமல் தடுப்பது ஒரே ஒரு வால்வு. அது கசிந்தால் நான் அவியல்.

புது வால்வு வந்தது. சோதிக்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பாய்லர் இன்ஸ்பெக்டர் துரை வந்தார். பெரிய தொட்டியில் காற்றை அடித்து, வால்வை மூடி, அழுத்தம் காட்டும் கேஜ் முள்ளையே பார்த்தார். அசையவில்லை.

"நல்ல வால்வு! மாட்டு!"

ராவுத்தர் மறுபக்கம் நுரை தடவினார். மொட்டு மொட்டாகக் குமிழி.

"கசியுது துரை."

"முள் அசையலையே? எம்புட்டுக் கசியுதுன்னு உன் நுரை சொல்லுமா?"

நுரை சொல்லாது. ராவுத்தர் வால்வைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "மாட்டணும்னா என்னையும் சேத்து மாட்டுங்க! இல்லைன்னா செத்த நேரம் பொறுங்க, அளந்தே காட்டுதேன்."

துரையிடமே ஒரு காலி பிராந்திப் பாட்டிலை வாங்கினார். தண்ணீர் நிரப்பி, ஒரு வாளித் தண்ணீருக்குள் தலைகீழாக நிறுத்தினார். வால்வின் மறுபக்கத்தை அடைத்து, அங்கிருந்து ஒரு குழாயைப் பாட்டில் வாய்க்குள் விட்டார். கசிந்த காற்று மேலேறி, தண்ணீரைக் கீழே தள்ளியது. துரை ஒரு சுருட்டைக் குடித்து முடிப்பதற்குள் பாட்டிலில் தண்ணீரே இல்லை.

"ஒரு சுருட்டுக்கு ஒரு பாட்டில் துரை. அம்மாம் பெரிய தொட்டியில இம்புட்டு குறைஞ்சா முள்ளுக்கு எப்படித் தெரியும்? ஆனா ஆவியா வந்தா அம்புட்டும் இவன் முதுகுலதான்" என்று என்னைக் காட்டினார்.

துரை தொப்பியைக் கழற்றினார். பிரித்துப் பார்த்தால் உள்ளே மயிரிழைக் கீறல். கீறல் போக ராவுத்தர் மூன்று நாள் தேய்த்தார். மறுபடி சோதித்தபோது ஐந்து சுருட்டு குடித்துத் துரை இருமியதுதான் மிச்சம். பாட்டிலுக்குள் ஒரு குமிழி ஏறவில்லை. அப்புறம் துரை எந்த மில்லுக்குப் போனாலும், முள்ளைப் பார்த்த கையோடு "பாட்டில் கொண்டா" என்பாராம். எங்கள் மில்லில் மீசை இல்லாதவன்கூட முறுக்கிக்கொண்டு திரிந்தான்.

வால்வை மாட்டியதும் நான் பாய்லருக்குள் இறங்கினேன். அளந்து பார்த்த வால்வு. ராவுத்தர் நிம்மதியாகச் சாப்பிடப் போயிருக்கலாம். போகவில்லை. பாய்லர் வாயில் குனிந்தபடி, "ஏலே சுப்பையா, இருக்கியா?"

"இருக்கேன் மாமா."

"இருக்கியாலே?"

நான் வெளியே வரும்வரை விடவில்லை. என் பெயரை அத்தனை தடவை என்னைப் பெற்றவர்கூடக் கூப்பிட்டதில்லை.