இப்ப வருது பாருங்க!

பாட்டுக் கேட்பவர்களைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் கிடையாது. சாதுவான பிறவிகள். காதில் எதையோ மாட்டிக்கொண்டு, தலையை ஆட்டியபடி, தங்கள் பாட்டுக்குப் போய்விடுவார்கள். நான் சொல்ல வந்தது வேறோர் இனம்: பாட்டைக் கேட்க வைப்பவர்கள். இவர்களுக்குப் பிடித்த ஆல்பம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். கல்லூரி வயதில் பிடித்தது. பிடித்தது என்றால் ஜுரம் பிடிப்பதுபோல. அப்புறம் இறங்கவே இல்லை. இப்படி ஒருவர் வீட்டுக்குப் போய் நீங்கள் "சௌக்கியமா?" என்று கேட்டு முடிப்பதற்குள், நாற்காலியை இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் இழுத்துப் போட்டு, தோளை அமுக்கி உங்களை உட்கார வைத்து, பாட்டைப் போட்டு, பாட்டு தொடங்கிய அதே நொடியில் தானும் பேசத் தொடங்கிவிடுவார். பாட்டைவிடச் சத்தமாக.

"இருங்க... இருங்க... இப்ப வருது பாருங்க... ஆங்!"

என்ன வந்தது? யாருக்குத் தெரியும்? நம் காதில் விழுந்தது அந்த "ஆங்" மட்டும்தான். எனக்கு இதெல்லாம் எப்படி இவ்வளவு அத்துப்படி என்று துருவாதீர்கள். நான் ஒரு பல் டாக்டரின் கதையைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நம் பல் டாக்டரின் ஆல்பத்தில் பத்துப் பாட்டு, மொத்தம் நாற்பத்தோரு நிமிடம். நான்கு இளைஞர்கள், இரண்டு கிட்டார், கூடவே டிரம்ஸ். அதைக் கேசட்டாக வாங்கினார், சி.டி.யாக வாங்கினார், கறுப்பு இசைத்தட்டாகவும் வாங்கினார். கிளினிக்கிலும் அதுதான் ஓடும். அவர் தொழிலில் ஒரு பெரிய வசதி உண்டு. எதிரே படுத்திருப்பவர் வாயைத் திறந்து வைத்திருப்பார்; ஆனால் பேச முடியாது. "எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்பார். "ஆ... ஆ..." என்பார் நோயாளி. "அதேதான்! எனக்கும் முதல் தடவை அப்படித்தான் இருந்துச்சு" என்று பூரித்துப்போவார் டாக்டர்.

வீட்டில் அவருக்கு வாய்த்த ரசிகை அவர் மனைவி, பூகோள டீச்சர். பத்தொன்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். கடந்த இரண்டு வருடமாக அம்மாள் தலையை லேசாகச் சாய்த்து, கண்ணைச் சுருக்கிக் கேட்பதைப் பார்த்து டாக்டருக்கு ஏக சந்தோஷம். 'லயிச்சுட்டா' என்று நினைத்துக்கொண்டார். கிளினிக் நர்சிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

ஒரு நாள் பள்ளியிலிருந்து நேரே காது டாக்டரிடம் போய்விட்டு வந்தார் மனைவி. கைப்பையைக் கழற்றாமலேயே சொன்னார்.

"என்னங்க, எனக்கு இடது காது சரியாக் கேக்கலை. உள்ள ஒரு குட்டி எலும்பு இறுகிப் போச்சாம். ஆபரேஷன் பண்ணணுமாம்."

"எவ்வளவு நாளா கேக்கலை?"

"ரெண்டு வருஷமா. நல்ல காதைத் திருப்பித் திருப்பிச் சமாளிச்சுட்டு இருந்தேன்."

டாக்டர் நியாயமாக என்ன கேட்டிருக்க வேண்டும்? வலிக்கிறதா, பயமாக இருக்கிறதா, ஏன் என்னிடம் சொல்லவில்லை? எதையும் கேட்கவில்லை. முகம் வெளுத்துப்போய் இப்படிக் கேட்டார்:

"அப்ப... இடது ஸ்பீக்கர்ல வர்ற ரெண்டாவது கிட்டார் ரெண்டு வருஷமா உனக்குக் கேக்கவே இல்லையா?"

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எனக்குக் காது கேக்கலைன்னு சொல்றேன். நீங்க கிட்டார் கேக்கலையான்னு கேக்கறீங்க."

அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தார்கள். டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை. சாய்ந்த தலையை ரசனை என்று நினைத்தோமே என்ற வெட்கம் ஒரு பக்கம். தினமும் பத்துப் பேர் வாய்க்குள் விளக்கடித்து, ஒரு கடுகளவு சொத்தையைக் கண்டுபிடிக்கிறவனுக்கு, எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவளின் காது தெரியவில்லையே என்ற வேதனை மறுபக்கம்.

ஆபரேஷனில் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார் காது டாக்டர். எங்கோ ஒருவருக்கு இருக்கிற கேட்கும் சக்தியும் போய்விடலாம் என்றும் சொன்னார். அந்த "எங்கோ ஒருவர்" அன்றிலிருந்து இவர்கள் வீட்டில்தான் குடியிருந்தார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம். மனைவி அந்த நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அந்த ஆல்பத்தை ஒரு தடவை முழுசாக் கேக்கணும்."

டாக்டர் ஆல்பத்தை எடுத்து வைத்தார். பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டார்.

"நீங்க வெளியே இருங்க."

"வெளியேவா?"

"பத்தொன்பது வருஷமா நான் உங்களைத்தான் கேட்டிருக்கேன். பாட்டைக் கேட்டதே இல்லை."

கதவு சாத்தப்பட்டது. டாக்டர் மாடிப்படியில் உட்கார்ந்தார். மனைவி ஹெட்போன் மாட்டிக்கொண்டதால் வெளியே ஒரு சத்தமும் வரவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, இப்போது முதல் பாட்டு முடிந்திருக்கும், இதோ இரண்டாவதில் டிரம்ஸ் விழும் என்று தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். படியேறி வந்த மேல்வீட்டுக்காரர் நின்றார்.

"சாவியைத் தொலைச்சுட்டீங்களா சார்?"

"இல்லை. வீட்ல பாட்டுக் கேக்கறாங்க."

"அதுக்கு நீங்க ஏன் வெளியே?"

"கேக்கணுமில்ல, அதுக்குத்தான்."

நாற்பத்தோரு நிமிடம் ஆயிற்று. கதவு திறக்கவில்லை. ஐம்பது ஆயிற்று. ஒரு மணி நேரமும் ஆனபோது எழுந்தார். மெல்லக் கதவைத் தள்ளிப் பார்த்தார். மனைவி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கன்னம் நனைந்திருந்தது.

"எந்தப் பாட்டு?" தோளைத் தொட்டு, கையால் சைகை காட்டிக் கேட்டார். மனைவி ஹெட்போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கினார்.

"ஏழாவது. நாலாவது தடவையாக் கேக்கறேன்."

"ஏழாவதா!" டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது இடத்தை அடைக்கப் போட்டதும்மா! ஒரே ஒரு கிட்டார், அதுவும் சும்மா டொய்ங் டொய்ங்குன்னு... நான் எப்பவும் அதைத் தாண்டிடுவேனே!"

"தெரியும். அதனாலதான் நான் கேட்டதே இல்லை. பாடறதுக்கு முன்னாடி அந்தப் பையன் மூச்சை உள்ள இழுக்கறான். தொடங்கலாமா வேணாமான்னு பயந்த மாதிரி. நாளைக்கு ஆபரேஷன் டேபிள்ல நானும் அப்படித்தான் இழுப்பேன்னு தோணுச்சு."

ஹெட்போனைக் கழற்றி அவர் தலையில் மாட்டிவிட்டார். டாக்டர் கேட்டார். மூச்சு வந்தது. முப்பது வருடமாகத் தன்னுடையது என்று தோளில் சுமந்த ஆல்பத்தில், முதல் முறையாக யாரோ ஒருவன் பயந்தபடி மூச்சு விடுகிறான். அதைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தார். மனைவி ஒரு விரலை உயர்த்தினார், நாற்பது பிள்ளைகளை அடக்கும் விரல். டாக்டர் வாய் மூடிக்கொண்டது. மூன்றரை நிமிடம். அவரைப் பொறுத்தவரை அது ஒரு விரதம். கையை மட்டும் நீட்டி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். அது சில்லென்று இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சில வாரம் கழித்துச் சோதனை அறையில் கருவியை மாட்டிப் பார்த்த காது டாக்டர், கேட்கும் சக்தி நன்றாகவே திரும்பிவிட்டது என்றார். பல் டாக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. "கேக்குதாம்மா? நான் பேசறது கேக்குதா?" என்று கத்தினார்.

மனைவி முகத்தைச் சுளித்தார். "நீங்க இவ்வளவு சத்தமாவா பேசுவீங்க?"

சரி, மனிதர் திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? மனைவி செருப்பை மாட்டிக்கொண்டிருந்த இடைவெளியில், அவர் காது டாக்டரின் மேஜைமேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சார், உங்களுக்கு ஒரு மூணரை நிமிஷம் இருக்குமா? ஏழாவது பாட்டு. ஆரம்பத்துல ஒரு மூச்சு வரும் பாருங்க..."

"அடுத்த பேஷன்ட்!" என்றார் காது டாக்டர்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இந்தப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் யாரையாவது "இதைக் கொஞ்சம் கேளேன், ரெண்டே நிமிஷம்" என்று கூப்பிடப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து ஒரு காரியம் செய்யுங்கள். காகிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் போய் மாடிப்படியில் உட்காருங்கள். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். அங்கே ஏற்கெனவே நான் இருக்கிறேன்.