நாற்காலியில் அமர ஆள் தேவை

ஒரு நாயின் மனத்தைப் புரிந்துகொள்வதற்காக எங்கள் குடும்பம் பட்ட பாட்டை மனித குலம் இதுவரை பட்டதில்லை; இனிமேல் படப்போவதும் இல்லை. இதை நான் போகிற போக்கில் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். ஆதாரமில்லாமல் ஒரு வரி எழுதிப் பழக்கமில்லை.

மேற்படி நாயின் பெயர் துரை. வயது ஒன்பது, நிறம் பழுப்பு. உத்தியோகம் எதுவும் கிடையாது. ஆனால் நடை, பார்வை, கொட்டாவி மூன்றிலும் மேலதிகாரித் தோரணை இருந்ததால் அந்தப் பெயரை நான்தான் வைத்தேன். மேற்படி குடும்பம் என்பது என் மகனும் மருமகளும். மகன் ஒரு பெரிய நிறுவனத்தில் 'பணியாளர் மகிழ்ச்சிப் பிரிவு'த் தலைவன். ஆயிரத்து இருநூறு பேர் சந்தோஷமாக இருக்கிறார்களா என்று மாதாமாதம் படிவம் கொடுத்துக் கேட்பான். இல்லை என்று எழுதியவர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவான். அடுத்த மாதம் அவர்களும் சந்தோஷமாகிவிடுவார்கள். மருமகள் வீட்டு அலங்கார நிபுணர். ஒரு கூடத்தின் அழகைக் கெடுக்கும் பொருள் எது என்பதை வாசற்படியில் நின்றபடியே சொல்லிவிடுவாள்.

நான் அந்த வீட்டில் இருந்தவன். இப்போது இருப்பது 'மூத்த குடிமக்கள் சொகுசு இல்லம்'. அந்த இடமாற்றம் மிகுந்த மரியாதையுடன் நடந்தது. சாப்பாட்டு மேசையில் கூட்டம் போட்டு, மடிக்கணினியில் படம் காட்டினார்கள். இல்லத்தின் தோட்டம், நூலகம், கைப்பிடி வைத்த குளியலறை.

எட்டாவது படம் முடிந்ததும் மகன் கேட்டான்: "ஏதாவது கேள்வி இருக்காப்பா?"

"எப்ப திரும்பி வரணும்?"

அதற்குப் படம் தயாரிக்கப்படவில்லை. மகன் மருமகளைப் பார்த்தான். மருமகள் துரையைப் பார்த்தாள். "கொஞ்ச நாள் இருந்து பாருங்க மாமா. பிடிக்கலைன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, அன்னைக்கே பெட்டியைத் தூக்கிட்டு வந்துடலாம்" என்றாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. வாக்குறுதியை மனத்துக்குள் தேதி போட்டுக் குறித்துக்கொண்டேன்.

நான் போன மூன்றாம் நாள் துரை சாப்பாட்டை நிறுத்தியது.

இல்லத்தில் ஞாயிறுதோறும் மகன் என்னைத் தொலைபேசியில் அழைப்பான். பத்து நிமிடம். எத்தனையோ மகன்கள் அதுகூடச் செய்வதில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

"எப்படிப்பா இருக்கீங்க?"

"இருக்கேன். ராத்திரி தூக்கம்தான்..."

"துரைதான்பா சரியில்ல. ரொட்டி வெச்சாலும் மோந்து பாத்துட்டுப் போயிடுது. முட்டையும் அப்படித்தான். வாசக்கதவைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கு. கார் சத்தம் கேட்டா எந்திரிக்குது, அப்புறம் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் படுத்துடுது. எனக்கு ஆபீஸ்ல வேலையே ஓடலப்பா!"

பத்து நிமிடத்தில் ஒன்பதரை நிமிடம் துரைக்கே போயிற்று. எனக்கும் அந்த வாரம் சாப்பாடு இறங்கவில்லைதான். சன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து வெளிக்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அறைத் தோழர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். வாய் சும்மா இருக்காது. "என்ன ஆபீசர், எந்தக் கார் வந்தாலும் எட்டி எட்டிப் பாக்கறீங்க? ஆர்டிஓவா நீங்க?" என்றார். வார்டன் வந்து என் தட்டைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், பதிவேட்டில் 'வயது' என்று எழுதிவிட்டுப் போனார். துரை சாப்பிடாவிட்டால் அது நோய். நான் சாப்பிடாவிட்டால் அது வயது. மருத்துவம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது, பாருங்கள்!

இரண்டாம் ஞாயிறு, ஒரு நாய் மனநல ஆலோசகர் நியமிக்கப்பட்ட செய்தி வந்தது. அந்த அம்மாள் பதினொரு பக்கப் படிவம் கொடுத்திருந்தார். படிவம் என்றதும் மகனுக்கு என் ஞாபகம் வந்தது பெருமைக்குரிய விஷயம். முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டினான்.

"கடந்த மூணு மாசத்துல குடும்பத்துல நடந்த மாற்றம் என்னன்னு கேட்டிருக்காங்கப்பா. புது சோபா போட்டிருக்கேன். சுவருக்கு பெயின்ட் மாத்தினது போட்டிருக்கேன். திரைச்சீலை, அவளோட வேலை நேரம், குப்பை எடுக்கறவர் மாறினது, எல்லாம் போட்டாச்சு. வேற ஏதாவது விட்டுப்போச்சா?"

நான் சன்னல் வழியே வெளிக்கதவைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரிஞ்சு எதுவும் இல்லப்பா" என்றேன்.

"குட். ஒம்பதாம் பக்கத்துல, மத்த குடும்ப உறுப்பினர்களோட சாப்பாடு, தூக்கம் எப்படி இருக்குன்னு ஒரு கேள்வி. 'வழக்கம்போல்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடறோம்."

"போடுங்க."

ஆலோசகர் படிவத்தை ஆராய்ந்து தீர்ப்பளித்தார். குற்றவாளி சோபா. அது வந்த நாளில்தான் கூடத்தின் மூலையில் கிடந்த பழைய பிரம்பு நாற்காலி வெளியேறியிருக்கிறது. துரை துக்கம் காப்பது நாற்காலிக்காக! மகன் ஓர் அலுவலக நாளை முழுசாகத் தியாகம் செய்து, பழைய சாமான் கடைகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, நாற்காலியைக் கண்டுபிடித்துக் காரின் மேல் கட்டிக்கொண்டு வந்தான். மருமகளின் தியாகம் அதனினும் பெரிது. சந்தன நிறக் கூடத்தின் நடுவே, ஒரு பக்கம் பின்னல் அறுந்த அந்த நாற்காலியைப் போட அவள் சம்மதித்தாள். ஒரு நாற்காலி வீடு திரும்புவதற்கு இத்தனை பேர் பாடுபட்டதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது.

துரை நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்து, அதன் கீழே படுத்து, அரை ரொட்டி தின்றது. அன்று வீட்டில் கொண்டாட்டமாம். மறுநாள் மீண்டும் பட்டினி.

"நாற்காலி சரி, ஆனா அது முழுமையா இல்லைன்னு சொல்றாங்கப்பா" என்றான் மகன். "உங்க பழைய சட்டை ஒண்ணை தலையணைக்குப் போட்டு நாற்காலியில உக்கார வெச்சோம். சட்டையை மட்டும் உருவி எடுத்துக்கிட்டுப் போய் அது மேல படுத்துக்கிச்சு."

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிட்டேன்: "நான் வேணா வந்து கொஞ்ச நாள் இருக்கட்டுமாப்பா?"

"ஐயோ, இப்ப வேண்டாம்பா! வீட்டுல இனிமே எந்த மாற்றமும் கூடாதுன்னு அவங்க கண்டிப்பா சொல்லிட்டாங்க. துரை கொஞ்சம் தேறட்டும்."

நியாயம்தானே? நான் மாற்றமல்லவா!

ஏழாம் வாரம் இல்லத்தின் அறிவிப்புப் பலகையில் வார்டன் ஒரு தாளை ஒட்டினார். டிரைவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உரக்க வாசித்தார்:

"உடனடியாகத் தேவை: முதியவர் ஒருவர். பணி: நாற்காலியில் அமர்தல். நேரம்: காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. வயது எழுபதுக்கு மேல் இருக்க வேண்டும். செய்தித்தாளைச் சத்தம் வரும்படி புரட்டத் தெரிந்திருக்க வேண்டும். இயற்கையான இருமல் விரும்பத்தக்கது. தமக்குத்தாமே பேசிக்கொள்பவர்களுக்கு முன்னுரிமை. சட்டை வழங்கப்படும்."

வாசித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன ஆபீசர், உங்களை நிக்க வெச்சு அளவெடுத்து எழுதின மாதிரி இருக்கு?"

கீழே விலாசம் இருந்தது. முப்பது வருடமாக எனக்குக் கடிதம் வந்த விலாசம்.

"அடப்பாவமே" என்றார் டிரைவர். அதற்குமேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. அவரைப் பேசவிடாமல் செய்த விளம்பரம் அது ஒன்றுதான்.

விதிகளின்படி விண்ணப்பித்தேன். மூன்று பிரதி. விண்ணப்பங்களைப் பரிசீலித்த ஆலோசகர் நேர்காணலுக்கு ஆறாவது ஆளாக என்னை அழைத்தார். எனக்கு முன் வந்த ஐந்து பேரும் தேறவில்லை. ஒருவர் பழைய நாடக நடிகர். இருமலில் அளவுக்கு மீறி உணர்ச்சி காட்டியதால் துரை குரைத்துவிட்டதாம். இன்னொருவர் உட்கார்ந்த இரண்டாம் நிமிடமே குறட்டை விட்டிருக்கிறார்.

கதவைத் திறந்தது ஆலோசகர். மகனும் மருமகளும் அடுத்த அறையில் கணினி வழியே ஆளுக்கொரு கூட்டத்தில் இருந்தார்கள். என்னை ஆலோசகருக்குத் தெரியாது. தெரிவதற்கு வழியில்லை, பதினொரு பக்கத்தில் எங்கேயும் நான் இல்லையே.

"உக்காருங்க ஐயா" என்று நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். அறுந்த பின்னல் வழக்கமான இடத்தில் குத்தியது. "முன் அனுபவம் இருக்கா?"

"ஒம்பது வருஷம் இருக்குங்க."

"நாய் இருக்கற வீடா?"

"ஆமா. நாய் இன்னும் இருக்கு."

"அங்கேர்ந்து ஏன் விலகினீங்க?"

"உத்தரவு நகல் எனக்கே இன்னும் வரலைங்க."

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். "சரி, ஒருதடவை இருமிக் காட்டுங்க."

நடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. வீட்டு வாசனை பட்டதும் தொண்டை தானாகவே கமறியது. உள்ளே நகம் தரையில் வழுக்கும் சத்தம். துரை வந்தது. முன்னே மாதிரி ஓட முடியவில்லை, இளைத்திருந்தது, விலா எலும்பு தெரிந்தது. என் காலை மோந்தது, முழங்காலை மோந்தது, பிறகு முன்னங்கால் இரண்டையும் என் மடிமேல் போட்டு ஓர் ஊளை விட்டதே பார்க்கலாம்! புதுக் கம்பளத்தை நனைத்தும் விட்டது. "ஏண்டா, எலும்பும் தோலுமாப் போயிட்டியேடா" என்றேன். நான் அழுதேன். இதைக் கோப்பில் சேர்க்க வேண்டியதில்லை.

ஆலோசகர் கைதட்டினார். "சார், மேடம், ஓடி வாங்க! ஆள் கிடைச்சாச்சு!"

மகன் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டியபடி வந்தான். பேயறைந்தவன் போல நின்றான்.

"அப்பா..."

"அப்பாவா?" ஆலோசகர் படிவத்தைத் திருப்பினார். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். "இவர் வீட்டை விட்டுப் போனதை நீங்க இதுல எழுதவே இல்லையே?"

மருமகள்தான் பதில் சொன்னாள். அவளுக்குக் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அதுக்குக் கட்டம் இல்லைங்களே. பிறப்பு இருந்துச்சு, இறப்பு இருந்துச்சு, விவாகரத்து இருந்துச்சு. சோபாவுக்குக்கூட ஒரு கட்டம் இருந்துச்சு."

இதைவிட நல்ல நேரம் வராது என்று நினைத்தேன். "அப்ப பெட்டியை எடுத்துட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டேன்.

மகன் கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றி மடித்தான்.

"அதுல ஒரு சின்ன விஷயம்பா" என்றான் மகன். "உங்க ரூமைத்தான் இப்ப துரைக்கு 'அமைதி அறை' ஆக்கியிருக்கோம். இளநீல விளக்கு, மெத்தை எல்லாம் போட்டாச்சு. அதைக் கலைச்சா மறுபடியும் மாற்றமாயிடும். நீங்க தினம் ஒம்பது மணிக்கு வந்துட்டு அஞ்சு மணிக்குப் போயிடலாமே? வேன் ஏற்பாடு பண்ணிடறேன்."

ஆலோசகர் தன் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அன்றே பணியில் சேர்ந்தேன். சட்டை வழங்கப்பட்டது, பொத்தான் ஒன்று நான் தைத்தது. செய்தித்தாளைப் புரட்டினேன், இருமினேன், அரசாங்கத்தைத் திட்டினேன். துரை இரண்டு முட்டையும் நாலு ரொட்டியும் தின்றுவிட்டு என் பாதத்தின் மேல் தலை வைத்துத் தூங்கியது. வாய்விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு பகல் எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

ஐந்து மணிக்கு மகன் மெல்ல என் அருகில் வந்து குனிந்தான்.

"அப்பா, வேன் வந்தாச்சு. பின்பக்கமாப் போயிடுங்க. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டா நல்லது. நீங்க போறதைப் பாத்தா துரை தாங்காது."

"எனக்கு?"

"நீங்க பெரியவங்கப்பா, சொன்னாப் புரியும். அது வாயில்லாத ஜீவன்."

உண்மை. எனக்கு வாய் இருக்கிறது. இருந்தும் ஏழு ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து 'எனக்கு அங்கே பிடிக்கலடா' என்று சொல்லவில்லை. அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

"செருப்பைக் கால்ல மாட்டிக்கிட்டு முன்வாசல் வழியாத்தான் போவேன்" என்றேன். "துரைகிட்ட சொல்லிட்டுத்தான் போவேன். அதுக்கும் சொன்னாப் புரியும். இத்தனை நாள் யாரும் அதுகிட்ட சொல்லலை, அவ்வளவுதான்." குனிந்து அதன் காதில் சொன்னேன்: "நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துடறேன்டா. முட்டையை மிச்சம் வைக்காதே." துரை எழுந்து, வாசல்வரை கூடவே நடந்து வந்து வழியனுப்பியது. நான் முதன்முறை இந்த வீட்டைவிட்டுப் போனபோது வாசல்வரை வர வேறு யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

போகும் முன் ஒரு கடமை பாக்கி. மேற்படி நாயின் நடத்தையை அன்றன்றைக்குப் பதிவேட்டில் எழுதி, அதைக் குடும்பத்தார் படித்துக் கையெழுத்திட வேண்டும் என்பது ஆலோசகரின் விதி. வாசலில் நின்றபடியே எழுதினேன்:

"மேற்படி துரையிடம் கோளாறு எதுவும் காணப்படவில்லை. வீட்டிலிருந்து ஒருவர் போனதும் அதற்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தது. இது இயல்பான நடத்தை. அதே வீட்டில், அதே நாட்களில், தாங்கள் வழக்கம்போல் உண்டு வழக்கம்போல் உறங்கியதாகப் படிவத்தின் ஒன்பதாம் பக்கத்தில் வேறு இருவர் எழுதிக் கையெழுத்திட்டுள்ளனர். அவ்விருவரையும் காலதாமதமின்றி ஆலோசகரிடம் காட்டும்படி பரிந்துரைக்கப்படுகிறது."